ஜமீன்தாரின் சின்னத் தோட்டா

கொம்பையூர் ஜமீன்தார் சுட்டா குறி தப்பாது. எங்கிட்டுச் சுட்டாலும் ஏதாவது ஒரு மரத்துல பட்டுரும்.

காட்டெருமை வேட்டைக்கு வெள்ளைக்காரத் துரை ஒருத்தர் விருந்தாளியா வந்திருந்தாரு. பெரிய தோட்டா போடுற துப்பாக்கி தோளை இடிக்கும்னு ஜமீன்தார் அதைத் தொடமாட்டாரு. சின்னத் தோட்டாத் துப்பாக்கியில தூரக்கண்ணாடி மாட்டிக்கிட்டு, தடம் பாக்குற ஜடையனைக் கூப்பிட்டாரு.

"எருமைக்கு இந்தத் தோட்டாவே போதும்னு துரைகிட்ட சொல்லுடா. இல்லேன்னா காட்டை விட்டே துரத்திருவேன்."

சின்னத் தோட்டாவுல சாகாம, அடிபட்ட எருமை புதருக்குள்ள பூந்தா, சுட்டவரு மரத்து மேல பரண்லயே உக்காந்திருப்பாரு. தேடிப் போறவன் ஜடையன்.

"தாராளமாப் போதும் சாமி," ன்னான் ஜடையன். "இன்னிக்கு மட்டும் சாமி புதருக்குள்ள போங்க. நான் பரண்ல உக்காந்து, எருமை எங்க நிக்குதுன்னு கண்ணாடியில பாத்துச் சொல்றேன். போன மாசம் எங்கண்ணன் கும்பன் உள்ள போனப்ப, அப்படிச் சொல்ல ஆளில்லாமப் போச்சு."

துரை ஜமீன்தாரைத் திரும்பிப் பாத்தாரு. "அவனைப் புலி அடிச்சதுன்னு சொன்னீரே?"

ஜமீன்தாருக்குத் திடீர்னு முழங்கால் வலி வந்துருச்சு. வேட்டை நின்னு போச்சு.

ஜடையன் உசுரோட வீடு வந்து சேந்தான். அண்ணி பழக்கத்துல அண்ணனுக்கும் சேத்து ரெண்டு வட்டில்ல களி போட்டு வச்சிருந்தா. அவன் ரெண்டையும் தின்னான்.