ஊசிக்கு முன்

"அடம் பிடிக்கிற ஆளையெல்லாம் எனக்கே அனுப்புறீங்கம்மா," என்றான் பூவராகன்.

ஆற்றங்கரையில் கண் வைத்தியம் பார்த்த செங்கமலத்தம்மாளுக்கு இரண்டு சீடர்கள். பூவராகன் மூத்தவன், தாண்டவன் இளையவன். அது அறுவடைக் காலம். கண்ணில் உமி விழுந்தவர்கள் களத்திலிருந்து வந்தபடி இருந்தார்கள்.

"யாரு சொன்னா?" என்றார் அம்மாள். அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"யாரும் சொல்லணுமா? என்கிட்ட வர்றவங்க கண்ணை இறுக்கிக்கிறாங்க. அவன்கிட்ட போறவங்க பிடிச்சு வச்ச பிள்ளையாரா உட்கார்ந்திருக்காங்க. சந்தைப்பேட்டைக்கு ஒரு வைத்தியர் வேணும்னு கேட்டிருக்காங்கல்ல. அவனை அனுப்பத்தானே இந்த ஏற்பாடு?"

அம்மாள் முறத்தை இன்னொரு முறை புடைத்தார்.

ஒரு பெண் கண்ணைப் பொத்திக்கொண்டு வந்தாள். அம்மாள் பூவராகனைக் கைகாட்டினார்.

முட்டையின் உள்தோலில் ஒட்டிய கடுகை, தோல் கிழியாமல் ஊசியால் எடுக்கிறவன் அவன். ஊசி கண்ணை நெருங்கியதும் அந்தப் பெண் அவன் கையைத் தட்டிவிட்டு எழுந்துவிட்டாள்.

"தாண்டவன்கிட்ட போம்மா," என்றார் அம்மாள்.

தாண்டவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ மெதுவாகச் சொன்னான். காதைத் தீட்டிக்கொண்டும் பூவராகனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் அசையாமல் கண்ணைக் காட்டினாள்.

ஆனால் தாண்டவனுக்குக் கை தடுமாறியது. தடவித் தடவி ஒரு வழியாக உமியை எடுத்தபோது அவள் கண் கோவைப்பழமாகிவிட்டது. அப்படியும் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

பூவராகன் அம்மாளிடம் திரும்பினான்.

"பாத்தீங்களா அவன் கையை? அவனைப் போய் அனுப்பலாமா?"

"அனுப்பறேன்னு எப்பச் சொன்னேன்?"

"அப்ப நான்தானே?"

"உன் கையை அவ தட்டிவிட்டதையும்தான் பாத்தேன்."

"அவ அவனுக்குச் சொந்தமா இருப்பா. இல்லைன்னா ஏதோ ஆசை காட்டியிருக்கான். என்னமோ சொன்னானே."

"என்ன சொன்னான்?"

"எனக்கெப்படித் தெரியும்?"

அம்மாள் முறத்தை ஓங்கித் தட்டினார். உமி பறந்து பூவராகன் கண்ணில் விழுந்தது. காற்று அந்தப் பக்கம் அடிக்கவே இல்லை என்று அவன் பிற்பாடு பலரிடம் சாதித்திருக்கிறான்.

துடித்தவனை அம்மாள் பிடித்து உட்காரவைத்தார். அவனுக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்த கை அவருடையது. ஒரு வார்த்தை பேசாமல் ஊசியைக் கண்ணருகே கொண்டுபோனார்.

பூவராகன் தலையைப் பின்னுக்கு இழுத்தான்.

மறுபடி கொண்டுபோனார். அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"என்னடா?"

"என்ன செய்யப் போறீங்கன்னு சொல்லுங்கம்மா. பயமா இருக்கு."

அம்மாள் ஊசியைக் கீழே வைத்தார்.

"தாண்டவா, அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னதை இவனுக்கும் சொல்லு."

தாண்டவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"உமி ஓரத்துலதாண்ணே இருக்கு. கருவிழிப் பக்கமே போகமாட்டேன். வலிச்சா விரலைத் தூக்குங்க, உடனே நிறுத்திடறேன்."

அவ்வளவுதான் சொன்னான். அம்மாளின் மணிக்கட்டிலிருந்து பூவராகனின் பிடி தளர்ந்தது.

தாண்டவன் ஊசியை எடுக்கப் போனான். பூவராகன் கலங்கிய கண்ணால் அதைப் பார்த்துவிட்டான்.

"நீ பேசிக்கிட்டே இரு. ஊசியை அம்மா பிடிக்கட்டும்."

"சந்தைப்பேட்டையில ஒரே ஆளைத்தான்டா கேட்டிருக்காங்க," என்றார் அம்மாள்.