தோற்கக் கூடாத ராஜாவும் உப்புப் பாயசமும்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதால் பெயர் சொல்லப்படாத ஒரு நாட்டில், மகரகேதன் என்ற ராஜாவுக்குப் பொழுது போகவில்லை. ராஜாக்களுக்குப் பொழுது போகாவிட்டால் பக்கத்து நாட்டுக்காரர்கள்தான் கவலைப்பட வேண்டும். நல்லவேளையாக இவர் படை திரட்டவில்லை. ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார்.

ஜமக்காளத்தில் நாலு பேர் உட்கார வேண்டும். ஒருவர் கதைக்காரர். "காட்டில் நிற்கிறீர்கள், எதிரே புலி, என்ன செய்கிறீர்கள்?" என்று அவர் கேட்பார். மற்றவர்கள் அவரவர் வேஷத்துக்கு ஏற்பப் பதில் சொல்லித் தாயக்கட்டையை உருட்டுவார்கள். கட்டை நன்றாக விழுந்தால் அவர்கள் நினைத்தது நடக்கும். மோசமாக விழுந்தால் புலி நினைத்தது நடக்கும்.

கதைக்காரர் பதவியை முதலில் பிடித்துக்கொண்டவர் அமைச்சர் திருமேனிநாதர். கோட்டைக் கதவை மட்டும் அரை நாள் வர்ணித்தார். மன்னருக்கு எப்போதும் ராஜா வேஷம். கட்டை உருண்டு நிற்பதற்குள் அமைச்சர் "தாயம், பிரபு" என்று அறிவித்துவிடுவார். புலி செத்துவிடும். போகப் போக அந்தப் புலி சிரமமே வைத்துக்கொள்வதில்லை. ராஜாவைக் கண்டதும் தானாகவே படுத்துவிடும்.

ஒருநாள் மன்னர் பெரிதாகக் கொட்டாவி விட்டார். ஓரமாக வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த விகடகவி வேம்பன், "புலிக்கும் வந்திருக்கும் பிரபு. பாவம், மரியாதைக்கு அடக்கிக்கொண்டது" என்றான்.

அமைச்சருக்குச் சுருக்கென்றது. "அப்படியானால் நாளை வேம்பனே கதை சொல்லட்டும். ஒரே நிபந்தனை. கதையில் ராஜா தோற்கக் கூடாது. தோற்றால் அது ராஜநிந்தனை."

"என் பங்குக்கு ஒன்று" என்றார் மன்னர். "ஜெயிப்போமா மாட்டோமா என்று என் நெஞ்சு படபடக்க வேண்டும். ராஜா ஒரே ஒரு கொட்டாவி விட்டாலும் உன் பதவி போயிற்று. யானைக் கொட்டிலில் சாணம் அள்ளலாம்."

தோற்கவே கூடாது, தோற்றுவிடுவோமோ என்று பயப்படவும் வேண்டும். அமைச்சர் அன்றைக்கே யானைப்பாகனிடம் ஒரு நல்ல புதுக் கூடையாக எடுத்துவைக்கச் சொல்லிவிட்டார்.

மறுநாள் சபை கூடியது. வேம்பன் வேஷங்களைப் பங்கிட்டான்.

"அமைச்சர் அவர்களே, தாங்கள்தான் ராஜா. சேனாதிபதி இடும்பனார் காய் நறுக்குபவர். மன்னர் பெருமானே, தாங்கள் அரண்மனைச் சமையல்காரர்."

அமைச்சர் எழுந்தே விட்டார். "என்ன துணிச்சல் உனக்கு?"

"ராஜா தோற்கக் கூடாது என்பதுதானே ஆணை? தாங்கள் தோற்கவே மாட்டீர்கள். நான் பொறுப்பு."

மன்னர் தாடியைத் தடவினார். "சமையல்காரனா? சரி, மேலே சொல்."

"விருந்து நாள், பிரபு. பாயசத்தில் வெல்லத்துக்குப் பதில் உப்பைக் கொட்டிவிட்டீர்கள். ஒரு அண்டா நிறைய. ராஜா பந்தியில் உட்கார்ந்தாயிற்று. போன சமையல்காரர் எங்கே என்று அரண்மனையில் யாரும் கேட்பதில்லை. என்ன செய்கிறீர்கள்?"

"வேறு பாயசம் செய்யச் சொல்வேன்."

"யாரிடம்?"

மன்னர் வலப்பக்கம் பார்த்தார். இடப்பக்கம் பார்த்தார். சேனாதிபதி மட்டும் இருந்தார்.

"நான் போர் தொடுக்கிறேன்" என்றார் சேனாதிபதி.

"யார் மீது?"

அவர் சற்று யோசித்தார். "அண்டா மீது."

வேம்பன் சிரிக்கவில்லை. "உருட்டுங்கள்" என்றான். கட்டை சுமாராக விழுந்தது. அண்டா நசுங்கியது, கவிழவில்லை. சேனாதிபதிக்கு அதுவே பெருமையாக இருந்தது.

அமைச்சர் கனைத்தார். "ராஜா என்ன செய்ய வேண்டும்?"

"ஒன்றும் வேண்டாம், பிரபு. தாங்கள் எது செய்தாலும் ஜெயம்தான். உட்கார்ந்திருங்கள்."

அமைச்சர் உட்கார்ந்திருந்தார்.

"பொறு, பொறு" என்றார் மன்னர். "அண்டாவைப் பின்வாசல் வழியாக இழுத்துக்கொண்டு போய்விடுகிறேன்."

வேம்பன் பின்வாசலை நினைத்தே பார்த்திருக்கவில்லை. முன்வாசலுக்கு மீசை வைத்த இரண்டு காவலர்களைப் பார்த்துப் பார்த்துத் தயார் செய்திருந்தான். அவர்களை அந்தக் கணமே மறந்தான்.

"பின்வாசலில் பட்டத்து யானை நிற்கிறது. உருட்டுங்கள்."

கட்டை உருண்டு நின்றது. "தாயம்தானே?" என்றார் மன்னர்.

"இல்லை, பிரபு. மூணு."

அந்த நாட்டில் மன்னரிடம் யாரும் மூணு என்று சொன்னதே கிடையாது.

"யானை ஒரு வாய் குடித்துப் பார்க்கிறது. பிடிக்கவில்லை. அண்டாவை ஒரே தள்ளாகத் தள்ளுகிறது. அது வழுக்கிக்கொண்டு போய் நேராக ராஜாவின் இலைக்கு முன்னால் நிற்கிறது."

மன்னர் அங்கவஸ்திரத்தால் நெற்றியைத் துடைத்தார். "இடும்பா, ஏதாவது சொல்லேன்" என்றார்.

அப்போது ஒரு கொட்டாவி கேட்டது. நீளமான, நிதானமான கொட்டாவி. விட்டவர் அமைச்சர்.

அமைச்சர் சுதாரித்துக்கொண்டு எழுந்தார். "வேம்பா, கதையில் ராஜா நான்தானே?"

"சந்தேகமில்லை."

"ராஜா கொட்டாவி விட்டாயிற்று. நீ எடுத்துப் பேசிய அதே ஆணைப்படி, கூடையைத் தூக்கு."

அமைச்சர் தன் சரக்கையே தன்னிடம் விற்பார் என்று வேம்பன் எதிர்பார்க்கவில்லை. மெல்ல எழுந்து கும்பிட்டான்.

"போகிறேன், பிரபு. ஒன்று மட்டும். சமையல்காரருக்குக் கொட்டாவி வரவில்லை. காய் நறுக்குபவருக்கும் வரவில்லை. இருவருக்கும் கட்டை மோசமாக விழலாம். தோற்கவே முடியாதவர் ஒருவர்தான் இங்கே இருந்தார். அவருக்கு வேறு என்ன வேலை? அந்தக் கொட்டாவியை வரவழைத்தது அமைச்சரின் நிபந்தனை. நான் பக்கத்தில் இருந்தேன், அவ்வளவுதான்."

மன்னர் அமைச்சரைப் பார்த்தார். "இத்தனை நாளாக நான் உட்கார்ந்த இடத்தில் இன்று நீர் உட்கார்ந்திருக்கிறீர்" என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். தலைப்பாகை நழுவும்வரை சிரித்தார். "அந்த நிபந்தனையை அடித்துவிடுங்கள். இனி ராஜாவும் தோற்கலாம். உட்கார், வேம்பா. பாயசம் என்ன ஆயிற்று, அதைச் சொல்."

வேம்பன் உட்கார்ந்து அமைச்சர் பக்கம் திரும்பினான். "ராஜாவே, உங்கள் முன்னால் உப்புப் பாயசம். ஊர் முழுக்கப் பார்க்கிறது. என்ன செய்கிறீர்கள்?"

அமைச்சர் சமையல்காரரைப் பார்த்தார். சமையல்காரர் கைகூப்பிக்கொண்டிருந்தார். "முகம் சுளிக்காமல் குடித்துவிடுகிறேன்" என்றார் அமைச்சர், தணிந்த குரலில்.

"உருட்டுங்கள்."

வாழ்க்கையில் முதன்முறையாக என்ன விழும் என்று தெரியாமல் அமைச்சர் கட்டையை உருட்டினார். அது நிற்கும்வரை மூச்சு விடவில்லை. கொட்டாவியும் விடவில்லை.

விழுந்தது நிஜமாகவே தாயம். காய் நறுக்குபவரும் சமையல்காரரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

மன்னர் கழுத்து முத்துமாலையைக் கழற்றி நீட்டினார். வேம்பன் வாங்கவில்லை. "சமையல்காரரிடம் முத்துமாலை ஏது, பிரபு? திருட்டுப் பொருள் என்பார்கள்."

மன்னர் இன்னும் சிரித்துக்கொண்டே மாலையைத் திரும்பப் போட்டுக்கொண்டார். மறுநாள் வேம்பன் வீட்டுக்கு ஒரு தங்கக் கரண்டி வந்தது. அந்தப் புதுக் கூடையை மட்டும் யானைப்பாகன் யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் வெகுகாலம் வைத்திருந்தானாம்.