பலகையில் கூடிய கோடு

தூத்துக்குடிப் பக்கம் ஒரு இறால் கம்பெனி. அதன் குளிர் அறையில் எப்போதும் மைனஸ் பதினெட்டு டிகிரி. உள்ளே பெட்டி அடுக்கும் பெண்களுக்கு விரல் மரத்து, இரண்டு பேருக்கு நகமே கறுத்துவிட்டது. ஓய்வு கேட்டு வந்து நின்றார்கள்.

"எவ்வளவு குளிரோ அவ்வளவு ஓய்வு, போதுமா?" என்று மேனேஜர் செல்வின்ராஜ் தாராளமாகப் பலகையில் எழுதினார்: ஓய்வு = 20 − x நிமிடம். x என்றால் அறையின் டிகிரி.

"இருபதுல பதினெட்டு போனா ரெண்டு. ஒரு மணி நேர வேலைக்கு ரெண்டு நிமிஷம் எடுத்துக்கோங்க."

எல்லோரும் உள்ளே போகத் திரும்பினார்கள். பத்தாவது வரை படித்த பிரகாசி மட்டும் நகரவில்லை.

"சார், உங்க ஏசி ரூம் எத்தனை டிகிரி?"

"பதினெட்டு."

"அங்க வேலை பார்த்தா எத்தனை நிமிஷம்?"

"அதுவும் ரெண்டு..." என்றவர் பலகையைத் திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டு ரூமும் ஒண்ணுன்னா இன்னைக்கு இடம் மாத்திக்குவோம் சார். இல்லைன்னா அந்த மைனஸை முழுங்காம போடுங்க. மைனஸ் பதினெட்டைக் கழிச்சா பதினெட்டு கூடும். முப்பத்தெட்டு வரும்."

அன்று முப்பத்தெட்டு நிமிடம் வெயிலில் உட்கார்ந்து விரல்களைத் தேய்த்துக்கொண்டார்கள். யாரோ சிரிக்கக்கூடச் செய்தார்கள்.

மறுநாள் பலகையில் அந்த மைனஸின் குறுக்கே ஒரே ஒரு கோடு கூடியிருந்தது: ஓய்வு = 20 + x.

பிரகாசி x இருந்த இடத்தில் மைனஸ் பதினெட்டை வைத்துப் பார்த்தாள். ரெண்டு. மறுபடி வைத்துப் பார்த்தாள். இந்த முறை கணக்கில் ஒரு தப்பும் இல்லை. சொல்லிக்கொடுத்ததே அவள்தானே.

கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.