ஆள் உயரப் பொங்கல் பானை

மருதங்கோட்டையை ஆண்ட ரணசிங்க ராயர் நல்ல ராஜாதான். காலையில் யார் எதைச் சொன்னாலும் மாலைக்குள் நம்பிவிடுவார், அது ஒன்றுதான் குறை.

அந்த ஊர்த் தலபுராணத்தில் ஒரு செய்யுள் உண்டு. கோயிலில் புராணம் படிக்கிறவருக்கு அந்தக் காலத்து மன்னன் நாள்தோறும் ஆள் உயரப் பானை நிறையச் சர்க்கரைப் பொங்கல் அளித்தானாம். எழுதிய புலவருக்கு அன்றைக்கு நல்ல பசி போலிருக்கிறது என்று ஊரார் சிரித்துவிட்டுப் போவார்கள். புராணிகர் தெய்வச்சிலையாருக்குக் கிடைத்துவந்தது தினம் ஓர் உருண்டை.

அப்போதுதான் ஏரியைத் தூர் வாரினார்கள். மேட்டுக் கரையில் மண்வெட்டி எதன்மேலோ 'டொக்' என்று இடித்தது. தோண்டிப் பார்த்தால் பானை. ஆள் உயரம்.

தெய்வச்சிலையார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அரண்மனைக்கு ஓடினார்.

"மகாராஜா, புராணம் எழுத்துக்கு எழுத்து மெய். பானையே கிடைத்துவிட்டது. இனிப் பொங்கலும் வந்தாக வேண்டுமே."

"வராமல் என்ன? ஆலாலசுந்தரம், களஞ்சியத்தைத் திற."

களஞ்சிய மந்திரி ஆலாலசுந்தரம் இடுப்புச் சாவியைத் தொட்டார், எடுக்கவில்லை. மழை ஏமாற்றிய வருஷம். களஞ்சியத்தில் மிச்சம் விதைநெல் மட்டும்தான். அதையும் பொங்கித் தின்றுவிட்டால் ஆடியில் ஊர் எதை விதைக்கும்? புராணம் பொய் என்றால் தன் தலை போகும். மெய் என்றால் விதை போகும்.

"திறந்துவிடலாம் மகாராஜா," என்றார் பணிவாக. "பானை சாட்சி சொல்ல வந்திருக்கிறது. பாதியில் வாயை அடைப்பானேன்? முழுதும் சொல்லட்டும். உள்ளே இருப்பதையும் பார்த்துவிடுவோம்."

எல்லோரும் ஏரிக்கரைக்குப் போனார்கள். பானைக்குள் இருந்த மண்ணை அள்ளினார்கள். முதலில் ஒரு சின்னக் கிண்ணம் வந்தது.

"நெய்க் கிண்ணம்," என்றார் புராணிகர்.

துருப்பிடித்த கத்தி ஒன்று வந்தது.

"வெல்லம் உடைக்க."

அடுத்து ஒரு விரல் எலும்பு. புராணிகர் ஏரிக்கரைக் கொக்குகளை வேடிக்கை பார்த்தார். இன்னும் அள்ளினால், முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒருவர் உள்ளே குந்தியிருந்தார். மண்டையோடு அண்ணாந்து ராஜாவையே பார்த்தது.

"யாரய்யா இவர்?" என்றார் ராஜா, ஓரடி பின்வாங்கி.

"பானை யாருக்குக் கொடுத்தது மகாராஜா?" என்று கேட்டார் ஆலாலசுந்தரம்.

"புராணிகருக்கு."

"அப்படியானால் இவர்தான் அந்தப் புராணிகர். ஒரு பானையைத் தனியாளாகத் தின்று தீர்த்திருக்கிறார். அப்புறம் என்ன ஆகும்? பானையும் காலி, ஆளும் காலி. வேறு பானை தேடுவானேன் என்று இதிலேயே உட்கார்த்திவிட்டார்கள்."

"ஓய் ஆலாலம், உளறாதேயும்," என்றார் தெய்வச்சிலையார். "நாள்தோறும் பொங்கல் என்றல்லவா புராணம் சொல்கிறது?"

அதற்குள் ஆட்கள் பக்கத்திலேயே இன்னும் நாலு பானைகளைக் கண்டிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒருவர் குந்தியிருந்தார்.

"நாள்தோறும் பொங்கல் என்றுதான் சொல்கிறது புராணிகரே. நாள்தோறும் அதே புராணிகர் என்று எங்கே சொல்கிறது?"

தெய்வச்சிலையார் பானைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார்.

"புராணத்தில் உள்ளபடியே நடக்கட்டும்," என்று தொடர்ந்தார் ஆலாலசுந்தரம். "நாளைக் காலை பொங்கல். நாளை மறுநாளுக்குக் குயவரையும் வரச் சொல்லிவிட்டேன். இப்படிக் கொஞ்சம் குந்துங்கள், அளவெடுக்க வேண்டும். தொப்பையை எக்காதீர்கள், பின்னால் உங்களுக்குத்தான் இறுக்கும்."

"மகாராஜா, செய்யுளைக் கருத்தறிந்து கொள்ள வேண்டும்," என்றார் புராணிகர் அவசரமாக. "பானையை வைத்து அளக்கக் கூடாது. எனக்கு அந்த உருண்டையே அதிகம்."

ராஜா சிரித்த சிரிப்பில் ஏரிக்கரைக் கொக்கெல்லாம் பறந்தன. சிரித்து ஓய்ந்ததும் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அப்போ புராணம் பொய்யா சுந்தரம்?"

"பானை இருந்தது என்றது, இருக்கிறது. பொங்கலைப் பற்றிப் பானைக்கு ஒன்றும் தெரியவில்லை, அவ்வளவுதான். தெரியாததை அதன் வாயில் நாம் திணிக்க வேண்டாமே."

உள்ளே இருந்தவர்களுக்கு ஆளுக்கொரு பூ வைத்து, பழையபடி மண்ணிட்டு மூடச் சொன்னார் ராஜா. விதைநெல்லும் களஞ்சியத்திலேயே தங்கியது.

"உனக்கு என்ன வேண்டும், கேள்."

"பொன்னோ பட்டோ, மகாராஜா இஷ்டம்," என்றார் ஆலாலசுந்தரம். "பானையில் போட்டு மட்டும் கொடுக்க வேண்டாம்."