மன்னனுக்கு மட்டும் 'வாங்க'

மன்னன் சீர்வளவன் மாடத்தியை உயிரோடு கடைசியாகப் பார்த்தது கொன்றையூர்ப் பள்ளிக்கூடத்து வாசலில். மாடத்தியின் கையில் விளக்குமாறு இருந்தது.

எந்தக் காலம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கொன்றையூரைச் சீர்வளவன் ஆண்டுகொண்டிருந்த காலம். காலையில் ஒருவருக்கு யானையைப் பரிசாகக் கொடுப்பான். மாலையில் அதே ஆளைச் சிறையில் போடுவான். அன்று, சின்னப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தைப் பார்க்கத் தோன்றியது. போனான்.

பிள்ளைகள் எழுந்து, "வாங்க, உட்காருங்க" என்றார்கள். மன்னன் முகம் மலர்ந்து உட்கார்ந்தான். அப்போது வாசல் பெருக்கி முடித்த மாடத்தி உள்ளே எட்டிப் பார்த்தார். பிள்ளைகள் மறுபடி எழுந்தார்கள்.

"வாங்க, உட்காருங்க." செம்பகம் என்ற ஐந்து வயதுச் சிறுமி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள். மாடத்தி மன்னனைக் கண்டு பதறி வெளியே போய்விட்டார்.

மன்னனுக்குப் பின்னால் நின்றவர் சொக்கேசர். அரண்மனைக்கு வருகிறவர்களை வரவேற்பது அவர் வேலை. பள்ளிக்கூடத்து வாத்தியார் திருமேனியை மன்னன் ஒருமுறை புகழ்ந்ததிலிருந்து அவருக்கு வயிற்றெரிச்சல். குனிந்து காதில் சொன்னார்: "கேட்டீங்களா மன்னா? உங்களுக்கு ஒரு வாங்க. பெருக்குகிறவளுக்கும் அதே வாங்க."

அவ்வளவுதான். வாத்தியாரை அவைக்கு இழுத்து வந்தார்கள்.

"அவளுக்கும் எனக்கும் ஒரே மரியாதையா?" என்றான் மன்னன்.

"நான் வராவிட்டாலும் பள்ளிக்கூடம் நடக்கும் மன்னா. மாடத்தி கதவைத் திறந்து பிள்ளைகளை உட்கார வைத்துவிடுவாங்க. அவங்க வராவிட்டால் நடக்காது. அதனால் பிள்ளைகளுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தேன்."

"பாருங்க, இங்கேயே 'அவங்க'!" என்று கத்தினார் சொக்கேசர். "நாக்கை அறுக்கணும்!"

மன்னன் தலையசைக்கப் போனான். அமைச்சர் குழைக்காதர் மெதுவாக எழுந்தார்.

"அறுக்கலாம் மன்னா. ஆனால் இதற்குச் சட்டம் இல்லை. சட்டம் இல்லாமல் அறுத்தால் கோபம் என்பார்கள். முதலில் சட்டம் போடுவோம். இனிமேல் 'வாங்க', 'போங்க' எல்லாம் மன்னனுக்கு மட்டும். வேறு யாருக்குச் சொன்னாலும் நாக்கு போகும். வாத்தியாருக்கு நாளை சூரியன் மறையும்வரை தவணை. மாற்றிக்கொள்ளாவிட்டால் அறுத்துவிட்டு, பள்ளிக்கூடத்தையும் பூட்டிவிடலாம்."

"நான் மாற்ற மாட்டேன்" என்றார் வாத்தியார்.

குழைக்காதர் அவர் பக்கம் திரும்பவில்லை. "நாளை அவைக்கு யார் வந்தாலும் இதே சட்டம்தானே மன்னா?"

"யார் வந்தாலும்!"

"அப்படியானால் இந்தச் சட்டத்தைக் காக்கும் பொறுப்பைச் சொக்கேசருக்கே கொடுங்க." சொக்கேசர் பூரித்துப்போனார். அன்று மாலையே ஊர் முழுவதும் தண்டோரா போட வைத்தார்.

மறுநாள் காலை அரண்மனை வாசலில் காவல்காரன் ஈட்டியைச் சாய்த்து, "வாடா சொக்கேசா" என்றான்.

"என்னடா சொன்னே?"

"கோவிச்சுக்காதடா. சட்டம்டா."

உள்ளே ராஜமாதாவிடம் பணிப்பெண் அழுதுகொண்டே, "ஏ கிழவி, எழுந்திரு, கஞ்சி ஆறுது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மன்னன் காதில் அது விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அவைக்கு வந்தான். ஓரமாக, கத்தியோடு தண்டனைக்காரன் நின்றான். அவன் பக்கத்தில் வாத்தியார்.

உச்சிப்பொழுதில் வாசலில் சங்கு ஊதியது. மன்னனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. குன்றநாட்டுத் தூதர்! ஆற்றுத் தண்ணீர் உடன்படிக்கையோடு அவர் இன்று வருவது ஒரு மாதத்துக்கு முன்பே முடிவானது. கோபத்தில் மறந்தே போனான். அணை அவர்கள் கையில். அவர்கள் திறந்துவிட்டால்தான் கொன்றையூரில் நாற்று நட முடியும்.

தூதர் நடந்து வந்து சொக்கேசருக்கு எதிரே நின்றார். சொக்கேசர் வாயைத் திறந்தார். 'வாங்க' என்றால் நாக்கு போகும். 'வாடா' என்றால் தண்ணீர் போகும். வாயை மூடிக்கொண்டார். நெற்றி வேர்வை மூக்கு நுனியில் சொட்டியது.

தூதர் காத்திருந்தார்.

"வந்தவனை வாங்க என்று சொல்ல இந்த நாட்டில் ஒரு ஆள் இல்லையா?" என்றார் தூதர். உடன்படிக்கை ஓலையை மடியில் செருகிக்கொண்டு திரும்பினார். நாலு அடி நடந்துவிட்டார்.

"வாங்க!" மன்னன் சிம்மாசனத்தை விட்டு ஓடிவந்தான். "வாங்க, உட்காருங்க!"

தூதர் நின்றார். தண்டனைக்காரன் கத்தியைப் பார்த்தான், மன்னனைப் பார்த்தான். குழைக்காதர் கையைக் காட்டி அவனை நிறுத்தினார்.

ஓலையில் முத்திரை விழுந்து, தூதர் விருந்து மாளிகைக்குப் போன பிறகுதான் அமைச்சர் வாயைத் திறந்தார்.

"மன்னா, ஒரு வாங்க உங்களிடமிருந்து போனது. உங்களுக்கு ஏதாவது குறைந்ததா?"

"குறையவில்லை" என்றான் மன்னன்.

"தூதருக்குச் சொன்னால் தண்ணீர் வரும். மாடத்திக்குச் சொன்னால் என்ன வரும் என்றுதானே யோசித்தீங்க? வாத்தியார் பிள்ளைகளை அதை யோசிக்காமல் சொல்லப் பழக்குகிறார்."

சட்டம் கிழிந்தது. வாத்தியாருக்குப் பட்டாடையும், பள்ளிக்குப் புது ஓடும் கிடைத்தன. அமைச்சருக்கு மன்னன் தன் மோதிரத்தையே கழற்றிக் கொடுத்தான். சொக்கேசருக்கும் ஒன்று கிடைத்தது: மூன்று மாதம் முதல் வகுப்பில் தரையில் உட்கார்ந்து, வாசலில் வருகிற எல்லோரையும் வரவேற்கும் வேலை.

"வா...ங்க" என்று இழுப்பார் அவர்.

"இழுக்காதீங்க மாமா. ஒரே மூச்சிலே சொல்லுங்க" என்பாள் செம்பகம்.

மாடத்தியிடம் தானே போய் அந்த வார்த்தையைச் சொல்வதாக மன்னன் அவையில் சொல்லியிருந்தான். மறுநாள் வேட்டைக்குப் போனான். அதற்கடுத்த நாள் நல்ல நாள் இல்லை என்றார்கள். பிறகு மழை. ஒன்பதாம் நாள் போனான். செம்பகம் அன்று இழுத்துப் போட்ட முக்காலி காலியாக இருந்தது.

"மாடத்தி எங்கே?"

"செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்துட்டாங்க" என்றார் வாத்தியார். "வயசு."

மன்னன் முக்காலியில் உட்காரவில்லை. பிள்ளைகளோடு தரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனான்.

அந்த முக்காலி இப்போதும் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. வேப்பமரத்தில் செய்தது. அதன் ஒரு கால் குட்டை. யார் வந்தாலும் பிள்ளைகள் இழுத்துப் போடுவது அதைத்தான்.