ஆள்காட்டிக்கு வந்த அழைப்பு

காட்டோரத்துக் குளம் ஒன்றின் கரையில் இரண்டு ஆள்காட்டிக் குருவிகள் வாழ்ந்தன. பெண்ணின் பெயர் செம்பாயி. ஆணின் பெயர் காத்தான். நீண்ட மஞ்சள் கால்கள், கண்ணுக்கு முன்னால் சிவப்புத் தோல், அமைதி என்பதே அறியாத தொண்டை. புதிதாக யார் வந்தாலும் காடு முழுக்கக் கேட்கும்படி கத்திச் சொல்லிவிடுவது அவற்றின் வேலை. பெயரே அதனால் வந்ததுதான்.

அந்தக் குளத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பொழுது சாயும் நேரத்தில் செம்பாயி கரைமேட்டில் ஏறி நின்று, "இருக்கீங்களா?" என்று குரல் கொடுக்கும். குளத்தில் வாழும் ஒவ்வொன்றும் "இருக்கேன்!" என்று மறுகுரல் கொடுக்க வேண்டும். தவளைகள் கேட்டதற்கு மேலேயே பதில் சொல்லும். கொக்கு யாருக்கோ உதவி செய்வதுபோல், "ம்… இருக்கேன்" என்னும். முக்குளிப்பான் என்னும் நீர்ப்பறவை குமிழி, பாதிப் பதிலைத் தண்ணீருக்கு மேலே சொல்லும். மீதி தண்ணீருக்குள்ளே போய்விடும். ஆமையண்ணன் மட்டும் யோசித்துக்கொண்டே இருக்கும். எல்லாம் பதில் சொல்லி, கூடு அடைந்து, கண்ணை மூடப்போகும் சமயத்தில் குளத்தின் அடியிலிருந்து ஒரு குரல் வரும்.

"இருக்கேன்!"

"இப்பத்தான் காது கேட்டுச்சா அண்ணனுக்கு!" என்று குமிழி சிரிக்கும்.

குரல் வந்தால் பதில் தராமல் இருப்பது அங்கே அவமரியாதை. ஒருவர் பேசும்போது பாதியில் முகத்தைத் திருப்பிக்கொள்வது அதைவிடப் பெரிய அவமரியாதை. அந்தக் காலத்தில் அந்தக் குளத்துக்கு வேறு சட்டம் எதுவும் தேவைப்படவில்லை.

பிறகு மழை பொய்த்தது. நீர் சுருங்கி, நடுவில் ஒரு சிறு குட்டையாக நின்றது. சுற்றிலும் சேறு காய்ந்து, வெடித்து, மேலே மட்டும் ஓடு கட்டியது. தவளைகள் பாறை இடுக்குகளில் ஒடுங்கின. கொக்கு யாரிடமும் சொல்லாமல் போனது. ஆமையண்ணன் சேற்றுக்குள் புதைந்துகொண்டது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. கடைசியில் குமிழியும் மலைக்கு அந்தப் பக்கத்து ஏரிக்குக் கிளம்பியது.

"தண்ணி வந்ததும் வந்துடுவேன் செம்பாயி!"

"வராட்டியும் குரலாவது கொடுடி!"

அதற்கு மலை பெரிதாக இருந்தது. குரல் சின்னதாக இருந்தது.

ஆனாலும் செம்பாயி தினமும் கரைமேட்டில் ஏறியது. "இருக்கீங்களா?" என்றது. எதிர்க்கரைப் பாறைகூடப் பேசவில்லை.

"யாரைக் கேக்குற புள்ள?" என்றது காத்தான். "சேறும் நானும்தான் இருக்கோம்."

"அப்ப நீயாவது சொல்லேன்யா!"

"இருக்கேன், இருக்கேன்! போதுமா?"

போதவில்லை.

இப்படி இருக்கையில், குளத்துக்கு மேற்கே நின்ற நாவல் மரத்துப் பொந்தில் மைனா ஒன்று செல்போன் கடை திறந்தது. தொடுதிரை போன்கள் பளபளவென்று தொங்கின. செம்பாயி ஒன்றை அலகால் தொட்டது. 'கிறீச்' என்றது கண்ணாடி.

"அய்யய்யோ, அதுல கை வைக்காதே! அலகு வைக்காதே!" என்று அலறியது மைனா. "அலகு இருக்கிறவங்களுக்குன்னே பட்டன் போன் வெச்சிருக்கேன். இந்தா. கீழே விழுந்தா போன் உடையாது, கல்லுதான் உடையும். இந்தப் பட்டனை அழுத்திப் பிடி. வெளிச்சம் வருதா? பச்சை, எடுக்கிறதுக்கு. சிவப்பு, வைக்கிறதுக்கு. குமிழி நம்பர் கேட்டு வெச்சிருக்கேன், பேர் போட்டே பதிஞ்சு தர்றேன். குமிழி கூப்பிட்டா 'குமிழி'ன்னு வரும். வெறும் நம்பரா வந்தா தெரியாத ஆளு. தெரியாத ஆளு வீட்டு விஷயம் கேட்டா, பேசாம சிவப்பை அழுத்திடு."

"அவங்க பேசிட்டிருக்கும்போதேவா?"

"பேசிட்டிருக்கும்போதேதான்!"

"எங்க குளத்துல அப்படி வழக்கமில்லை" என்றது செம்பாயி, கழுத்தை நிமிர்த்திக்கொண்டு.

போனைத் தூக்கிக்கொண்டு அது நேராகக் கரைமேட்டுக்கு வந்தது. பிரிந்துபோன எல்லோருக்கும் தெரிய வேண்டும் அல்லவா? தன் நம்பரை நான்கு திசையிலும் திரும்பித் திரும்பித் தொண்டை கிழியக் கத்தியது. ஆள்காட்டியால் வேறு எப்படி அதைச் சொல்லியிருக்க முடியும்!

அன்று மாலையே முதல் அழைப்பு போனது.

"குமிழி! இருக்கியாடி?"

"இருக்கே…" — களக்! — "…ன்! இருடி, ஒரு மீன் போகுது, முங்கிட்டு வந்துடறேன்!"

செம்பாயி போனைக் காதோடு அணைத்துக்கொண்டு காத்திருந்தது. மறுமுனையில் அலை தளும்பும் சத்தம் மட்டும் கேட்டது. தண்ணீர்ச் சத்தம் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! குமிழி திரும்பி வர நேரமாக வேண்டும் என்றுகூட அதற்குத் தோன்றியது.

சில வாரங்களில் செம்பாயி முட்டையிட்டது. ஆள்காட்டிகள் கூடு கட்டுவதில்லை. சரளைக் கற்களுக்கு நடுவே லேசாகப் பள்ளம் பறித்து முட்டையிடும். முட்டையும் கல்போலவே புள்ளிபுள்ளியாக இருக்கும். நாயோ நரியோ பக்கத்தில் வந்தால், செம்பாயி சத்தமில்லாமல் எழுந்து வெகுதூரம் நடந்து போகும். அங்கே போய், ஒரு சிறகு ஒடிந்ததுபோல் தரையில் இழுத்துக்கொண்டு, "ஐயோ! ஐயோ!" என்று கதறும். வந்தவன் அதன் பின்னாலேயே ஓடுவான். முட்டை இருக்கும் இடம் இதுவரை எவனுக்கும் தெரிந்ததில்லை.

கரையில் ஒரு கீரி திரிந்துகொண்டிருந்தது. ஒடிந்த சிறகைத் துரத்தி ஓடிக் களைத்த கூட்டத்தில் அதுவும் ஒன்று. கரைமேட்டிலிருந்து கத்தப்பட்ட நம்பர் மட்டும் அதன் காதில் தங்கியிருந்தது.

ஒருநாள் காலை, காத்தான் பொட்டலுக்குப் பூச்சி பிடிக்கப் போயிருந்தது. செம்பாயி முட்டைமேல் உட்கார்ந்திருந்தது. போன் அடித்தது. பெயர் வரவில்லை. வெறும் நம்பர்.

குரல் வந்தால் மறுகுரல் கொடுக்க வேண்டாமா? பச்சையை அழுத்தியது.

"வணக்கம் அம்மணி! மலைமேல செல்போன் கோபுரம் இருக்குதுங்களே, அந்த ஆபீஸ்லேர்ந்து பேசறோம். உங்க போன் இன்னிக்குச் சாயங்காலத்தோட நின்னு போயிடுமுங்க!"

"நின்னுடுமா? குமிழியோட பேசணுமே!"

"அதுக்குத்தானே கூப்பிட்டோம்! வீட்டு அடையாளம் சொன்னீங்கன்னா பதிஞ்சு சரி பண்ணிடலாம். லைனை மட்டும் வெச்சிடாதீங்க. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

எதிரே ஒரு கால்கூட நிற்கவில்லை. ஒரு வால்கூட ஆடவில்லை. ஒரு பல்லும் தெரியவில்லை. செம்பாயியின் சிறகு தானாக ஒடிந்து தொங்குவதற்கு எதுவும் கண்ணில் படவில்லை. காதில் விழுந்ததெல்லாம் மரியாதையான ஒரு குரல். பின்னால் எங்கோ மரங்கொத்தி 'டொக் டொக்' என்று தட்டிக்கொண்டிருந்தது.

"எருக்கஞ்செடி இருக்குல்ல, அதுக்கும் வெள்ளைக் கல்லுக்கும் நடுவுலங்க" என்றது செம்பாயி.

"ரொம்ப நல்லதுங்க. வீட்டுல ஆள் இல்லாத நேரம்?"

"உச்சி வெயில்ல முட்டை சூடாயிடும். நான் குட்டைக்குப் போய் வயித்தை நனைச்சுட்டு வந்து முட்டைமேல ஈரம் வைப்பேன். அப்ப கொஞ்ச நேரம் யாரும் இருக்க மாட்டோம்."

"சந்தோஷம் அம்மணி! சரிபார்க்க மறுபடி கூப்பிடுவோமுங்க."

போனை வைத்த பிறகும் 'டொக் டொக்' நிற்கவில்லை. செம்பாயி தலையைச் சாய்த்துக் கேட்டது. நாவல் மரத்தில் மரங்கொத்தி தட்டிக்கொண்டிருந்தது. இந்தக் காதில் இப்போது கேட்பது இந்தத் தட்டு. போனுக்குள் அந்தக் காதில் கேட்டதும் அதே தட்டுதான். கோபுரம் மலைமேல் அல்லவா இருக்கிறது? மலைமேல் இருப்பவன் பேசினால், நம் நாவல் மரத்துத் தட்டு அவன் பின்னால் எப்படிக் கேட்கும்?

நாவல் மரத்தடியில் திரிவது அந்தக் கீரி ஒன்றுதான்! காத்தான் வந்ததும் எல்லாவற்றையும் சொல்லியது.

"நாயே வந்து நின்னாலும் வாயைத் திறக்க மாட்டியே! போன்ல கேட்டா வழியே சொல்லிடுவியா?" என்று குதித்தது காத்தான்.

"திட்டறதை அப்புறம் திட்டுய்யா. முட்டையைத் தூக்கிட்டு ஓட முடியுமா நம்மால?"

முடியாது. ஆள்காட்டியால் முட்டையைத் தூக்க முடியாது. நனைக்காமல் விட்டால் வெயில் தின்றுவிடும். நனைக்கப் போனால் கீரி தின்றுவிடும். ஒற்றை ஆள்காட்டி காவல் நின்றால், கீரி அதையும் சேர்த்துத் தின்னும். சூரியன் தலைக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தது.

போன் மறுபடி அடித்தது. அதே நம்பர்.

"சிவப்பை அழுத்து!" என்றது காத்தான்.

"காலையிலேயே அழுத்தியிருக்கணும். இப்ப அழுத்தினா அவன் நேரா இங்கேதான் வருவான். இரு."

செம்பாயி பச்சையை அழுத்தியது.

"அய்யோ சாமி! நல்லவேளை கூப்பிட்டீங்க! பதட்டத்துல போன வருஷத்து வீட்டைச் சொல்லித் தொலைச்சேன். வயசாகுது பாருங்க, புத்தி நிலையா நிக்கலை. இந்த வருஷம் குளத்துக்குள்ளேயே இறங்கிட்டோம். காஞ்ச நாணலுக்கு இந்தப் பக்கம், வெடிச்ச தரையில. போனை மட்டும் நிறுத்திடாதீங்க சாமி…"

குரல் தழுதழுத்தது. காத்தான் திகைத்துப் பார்த்தது. பேசப் பேச, செம்பாயியின் இடது சிறகு மெல்லச் சரிந்து தரையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கே அது தெரியவில்லை. காத்தானுக்குப் புரிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு, முட்டைகளுக்கு மேலே சிறகை விரித்து நிழல் பிடித்தது.

செம்பாயி எல்லோரும் பார்க்கும்படி குளத்துக்குள் இறங்கியது. காய்ந்த நாணலுக்குப் பக்கத்தில், ஓடு கட்டிய சேற்றின் மேல், பஞ்சுபோல் அடியெடுத்து நடந்தது. முட்டையை அடைகாப்பதுபோல் பதவிசாக உட்கார்ந்தது. பிறகு எழுந்து குட்டைப் பக்கம் பறந்தது.

நாவல் மரத்தடியிலிருந்து கீரி பாய்ந்து வந்தது. மைனா கடையில் வாங்கிய போனை வாயில் கவ்வியிருந்தது. வெடித்த தரையில் கால் வைத்தது. ஓடு 'மொறுக்' என்று உடைந்தது. முன்கால் போயிற்று, பின்கால் போயிற்று, வயிறு போயிற்று. "காப்பாத்துங்க!" என்று அலற வாயைத் திறந்தது. போனும் போயிற்று.

கழுத்துவரை புதைந்த கீரியின் கால்களுக்குக் கீழே ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. அது அசைந்தது. சேற்றுக்கு அடியிலிருந்து கரகரவென்று ஒரு குரல் எழும்பியது.

"இருக்கேன்!"

கீரிக்கு உயிர் தொண்டைக்கு வந்துவிட்டது. அந்தக் கெட்டிப் பொருளையே உதைத்து எழும்பி, உருண்டு, புரண்டு, கரையேறி, திரும்பிப் பாராமல் காட்டுக்குள் ஓடியது. சேறு பேசுகிறது என்று அது இன்றும் சொல்லிக்கொண்டு திரிவதாகக் கேள்வி.

உடைந்த சேற்று ஓட்டின் வழியே ஆமையண்ணன் தலையை நீட்டியது. கண்ணைச் சிமிட்டியது.

"ஏன் இப்படி மிதிக்கிறீங்க? கூப்பிட்டீங்க, பதில் சொல்லிட்டேனே!"

"அண்ணே!" என்று கத்தியது செம்பாயி. "நான் கூப்பிட்டது போன கோடையில!"

"அப்படியா? நானும் உடனே சொல்லணும்னுதான் நெனச்சேன்."

காத்தான் கோபம் மறந்து சிரித்தது. செம்பாயி ஈர வயிற்றோடு வந்து முட்டைகளின்மேல் உட்கார்ந்தது. ஒன்றும் ஆகவில்லை. முட்டைகள் பழையபடி கற்களாகவே இருந்தன.

பிற்பகலில் போன் மறுபடி அடித்தது. வேறொரு வெறும் நம்பர். "வணக்கம் அம்மணி, உங்க பேர்ல ஒரு பரிசு…" அவ்வளவுதான் கேட்டது. செம்பாயியின் அலகு சிவப்புப் பட்டனில் நச்சென்று இறங்கியது.

"பேசிட்டிருக்கும்போதேவா!" என்றது காத்தான், மைனாவின் கடையில் செம்பாயி கேட்டதுபோலவே.

"பேசிட்டிருக்கும்போதேதான்!"

மாலையில் செம்பாயி போனுடன் கரைமேட்டில் ஏறியது. திரையில் 'குமிழி' என்று பெயர் வந்தது.

"குமிழி, எங்கேயும் முங்கிடாதே. ஒண்ணு கேக்க வைக்கிறேன்" என்றது. பிறகு போனைக் குளத்தை நோக்கி நீட்டிப் பிடித்தது. பழைய காலத்தில் செய்ததுபோல் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு கூவியது.

"இருக்கீங்களா?"

"இருக்கேன்!" என்றது காத்தான், இந்த முறை கேலி இல்லாமல். பாறை இடுக்கிலிருந்து தவளை ஒன்று கேட்டதற்கு மேலேயே பதில் சொன்னது. பிறகு வெகுநேரம் எதுவும் இல்லை. வெளிச்சம் மங்கியது. போனைப் பிடித்திருந்த கால் வலித்தது. அப்போது, எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கும் சமயத்தில், குளத்தின் நடுவிலிருந்து அந்தக் கரகரத்த குரல் வந்தது.

"இருக்கேன்!"

மலைக்கு அந்தப் பக்கம் ஏரி அமைதியாக இருந்தது. முங்கும் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

"அடியே, இப்பத்தான் காது கேட்டுச்சா அண்ணனுக்கு…" என்றது குமிழி. சிரிக்கத்தான் பார்த்தது, குரல் பாதியில் உடைந்துவிட்டது.

வீட்டு வாசலில் வந்து நிற்கும் அந்நியனிடம் எதைச் சொல்லமாட்டோமோ, அதைக் காதுக்குள் வந்து பேசும் அந்நியனிடமும் சொல்லக் கூடாது. அவன் பேச்சை நடுவிலேயே துண்டிப்பது அவமரியாதையும் ஆகாது.