இல்லாத மட்டை

சென்னையில் பெரிய பேர் வாங்கிய கல்லூரி அது. பிளஸ் டூ ரிசல்ட் வருமுன்பே விளையாட்டு ஒதுக்கீட்டில் ஹாக்கி வீராங்கனைக்கான இடத்தை மில் முதலாளி மகள் ஷ்ரேயாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். தேர்வு ஆட்டம் என்று நம்பி மட்டையோடு வந்த பெண்களுக்கு வயிறு எரிந்தது.

“ஆடவிடாமலே எப்படி சார் முடிவு பண்ணீங்க?” என்று கேட்டாள் கோவில்பட்டி சண்முகக்கனி.

செயலர் தண்டபாணி சிரித்தார். “மைதானம் பூட்டியிருக்கு. முடிஞ்சா இங்கேயே நின்னு அவளைத் தோற்கடி, பார்க்கலாம்.”

அதே அறையில் ஷ்ரேயா சேர்க்கைப் படிவத்தில் இடக்கையால் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். சண்முகக்கனி அவளிடம் பணிவாகக் கேட்டாள்: “நீங்க இடக்கை மட்டையிலதான் ஆடுவீங்களா?”

“ஆமா. அப்பா ஜெர்மனியிலிருந்து வரவழைச்சார்.”

“நானே பார்த்திருக்கேன்! அந்த மட்டையில என்னமா அடிக்கிறா!” என்றார் செயலர்.

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். சண்முகக்கனி மட்டும் சிரிக்கவில்லை.

“ஹாக்கியில இடக்கை மட்டையே கிடையாது சார். இடக்கைக்காரங்களும் வலக்கை மட்டையிலதான் ஆடணும். இல்லாத மட்டைக்கு இடம் கொடுத்திருக்கீங்க. இருக்கற மட்டைக்கு மைதானத்தையாவது திறங்க!”

பெண்கள் மட்டைகளைத் தரையில் தட்டத் தொடங்கினார்கள். தண்டபாணி வியர்வையைத் துடைத்தபடி சாவியோடு முன்னே நடந்தார். அன்று சண்முகக்கனி ஆடிய ஆட்டத்துக்குப் பிறகு, அந்த இடம் யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை.